ஒரு கிலோவாட்டுக்கு எத்தனை யூனிட்? – ஒரு கணக்கின் வரலாறு

நம் ஊரில் மாடிக்கு மாடி சோலார் பேனல் ஏறிக்கொண்டிருக்கிறது. போடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் வீடுகளில் எல்லாம் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: ஒரு கிலோவாட் போட்டால் நாளொன்றுக்கு எத்தனை யூனிட் வரும்? இதற்கு ஒருவர் நாலு என்கிறார், இன்னொருவர் நாலரை என்கிறார், ஐந்து என்று அடித்துச் சொல்கிறவரும் உண்டு. கேட்கும்போது சின்ன வித்தியாசமாகத்தான் தெரியும். ஆனால் மூன்று கிலோவாட் போடும் குடும்பத்துக்கு நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே நாளுக்கு 3 யூனிட், இரண்டு மாதப் பில்லில் 180 யூனிட், வருடத்துக்கு ஏறக்குறைய 1,100 யூனிட் வித்தியாசம் இருக்கிறது. வங்கிக் கடன் வாங்கிப் போடுகிறவர் எத்தனை ஆண்டில் முதல் திரும்பும் என்று போட்ட கணக்கு முழுவதும் இந்த ஒரு எண்ணின் மேல்தான் நிற்கிறது.

பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளில் "540 வாட்" என்று இருக்கும். நம் மாடியில் அது 540 வாட் கொடுக்கும் நேரம் மிகக் குறைவு. லேபிள் பொய் சொல்லவில்லை. அந்த எண் எந்த நிலையில் அளக்கப்பட்டது, அதை நம் ஊர் வெயிலுக்கும் வெக்கைக்கும் எப்படி மாற்றிக் கணக்கிடுவது என்பதற்கு எழுபது ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாறு தெரிந்தால் விற்பவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

வெக்கையில் கெட்டுப்போன பேட்டரி

வெளிச்சம் பட்டால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1839-இல் பிரான்சில் எட்மண்ட் பெக்கரல் என்ற 19 வயது இளைஞர் கண்டார். 1883-இல் அமெரிக்காவில் சார்லஸ் ஃபிரிட்ஸ் செலினியம் பூசிய தகடு ஒன்றைச் செய்தார். மேலே விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் அது மின்சாரமாக்கியது. அடுத்த எழுபது ஆண்டுகள் நிலைமை பெரிதாக மாறவில்லை.

திருப்பம் வந்தது தொலைபேசித் துறையிலிருந்து. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டேரில் சேப்பின் என்ற பொறியாளருக்கு 1950-களின் தொடக்கத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் தொலைபேசிக் கருவிகளுக்கு வைக்கும் உலர் பேட்டரிகள் சீக்கிரமே கெட்டுப்போயின. அதற்கு மாற்று வழி தேட வேண்டும். அவர் முதலில் செலினியத்தை முயன்றார், போதவில்லை. அதே ஆய்வகத்தில் ஜெரால்ட் பியர்சனும் கால்வின் ஃபுல்லரும் சிலிக்கானில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மூவரும் சேர்ந்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சேப்பின் செல்லைச் செய்து முடிக்கும் முன்பே, சிலிக்கானிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு எடுக்க முடியும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டார். விழும் ஒளியில் 23 சதவீதம் வரை முடியும் என்று அவருக்கு விடை வந்தது. 6 சதவீதத்தை எட்டினாலே தன் வேலைக்குப் போதும் என்று இலக்கு வைத்துக்கொண்டார். 1954 ஏப்ரல் 25 அன்று பெல் ஆய்வகம் பத்திரிகையாளர்களுக்குக் காட்டிய செல், அந்த 6 சதவீதத்தை எட்டியிருந்தது. சோலார் பேனல் பிறந்த நாளிலேயே "எவ்வளவு வரும்" என்ற முன்கணக்கும் கூடப் பிறந்தது என்று சொல்லலாம்.

வெப்ப நாடுகளின் தொல்லையைத் தீர்க்கத் தேடப்போய்க் கிடைத்த இந்தச் சிலிக்கான் செல்லுக்கும் வெப்பம் ஆகாது. சூடு ஏற ஏற அதன் உற்பத்தி குறையும். நம் ஊர்க் கணக்கில் பாதிக் குழப்பம் இந்த இடத்தில்தான்.

செல்லுக்கு ஒரு சமன்பாடு

டிரான்சிஸ்டரைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான வில்லியம் ஷாக்லி, இரண்டு வகைச் சிலிக்கான் ஒட்டும் சந்தியில் மின்னோட்டம் எப்படிப் பாய்கிறது என்பதற்கு 1949-இல் ஒரு சமன்பாடு கொடுத்தார். சோலார் செல்லும் அப்படி ஒரு சந்திதான். எனவே அந்தச் சமன்பாடே சோலார் கணக்குக்கு அடித்தளம் ஆயிற்று. 1961-இல் அவரும் ஹான்ஸ் குவைசரும் சேர்ந்து, ஒரே சந்தி உள்ள செல் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் தாண்ட முடியாத எல்லை எது என்று கணக்கிட்டார்கள். சுமார் 30 சதவீதம் என்று வந்தது. இன்று ஆய்வகங்களில் சிலிக்கான் செல் 27 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. கடைகளில் கிடைக்கும் பேனல் 20 முதல் 23 சதவீதம். "எங்கள் பேனல் 40 சதவீதம்" என்று யாராவது சொன்னால், அவர் அறுபது ஆண்டுக்கு முன்பே போட்டுவைத்த வேலியைத் தாண்டிப் பேசுகிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

பொறியாளர்கள் இந்தச் செல்லை ஒரு எளிய மின்சுற்றாக வரைந்துகொண்டார்கள். வெளிச்சத்துக்கு ஏற்ப மின்னோட்டம் தரும் ஒரு ஊற்று, அதன் குறுக்கே ஒரு டையோடு, உள்ளுக்குள்ளேயே கசியும் மின்சாரத்துக்கு ஒரு தடை, கம்பியிலும் இணைப்பிலும் வீணாவதற்கு இன்னொரு தடை. நம் வீட்டு மேல்நிலைத் தொட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மோட்டார் ஏற்றும் தண்ணீர்தான் வெளிச்சம் தரும் மின்னோட்டம். தொட்டியின் விரிசலில் ஒழுகுவது ஒரு இழப்பு. பைப் குறுகலாக இருப்பதால் குழாயில் குறைவது இன்னொரு இழப்பு. இவற்றின் ஐந்து அளவுகள் தெரிந்தால் எந்த வெளிச்சத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று சொல்லிவிடலாம்.

இந்தக் கணக்கு இரண்டு உண்மைகளைக் காட்டுகிறது. வெளிச்சம் பாதியானால் மின்னோட்டமும் ஏறக்குறைய பாதியாகும். செல்லின் சூடு ஏறினால் மின்னழுத்தம் இறங்கும். செல் ஒன்றுக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். ஆக, பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், வேண்டாதது சூடு. நம் ஊரில் இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

லேபிளில் உள்ள எண் வந்த கதை

ஆரம்பத்தில் சிலிக்கான் செல் விண்வெளிக்குத்தான் போயிற்று. 1958-இல் அமெரிக்கா அனுப்பிய வான்கார்டு செயற்கைக்கோளில் அது இருந்தது. 1975-இல் நம் ஆரியபட்டாவும் சோலார் செல்களைச் சுமந்துகொண்டுதான் போனது. தரையில் வாங்க ஆளில்லாத அளவுக்கு விலை அதிகம்.

1973-இல் எண்ணெய் விலை எகிறியபோது நிலைமை மாறியது. அமெரிக்க அரசு 1975-இல் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தின் பொறுப்பில் மலிவான பேனல் செய்யும் திட்டம் ஒன்றைத் தொடங்கி, பல கம்பெனிகளிடமிருந்து மொத்தமாக வாங்கியது. மொத்தமாக வாங்கும்போதுதான் சிக்கல் தெரிந்தது: ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக அளந்தால் எதை எதோடு ஒப்பிடுவது? ஒரே படி, ஒரே தராசு தேவைப்பட்டது.

அப்படி உருவானதுதான் இன்று உலகம் முழுவதும் பின்பற்றும் சோதனை நிலை. பேனல் மேல் விழும் ஒளி சதுர மீட்டருக்கு 1,000 வாட். செல்லின் வெப்பம் 25 டிகிரி. சூரியன் ஓரளவு சாய்ந்திருக்கும்போது வரும் ஒளியின் நிறக்கலவை. தொழிற்சாலையில் ஒவ்வொரு பேனலையும் ஒரு விளக்கின் கீழ் வைத்து, கண் இமைக்கும் நேரத்தில் பளிச்சென்று ஒளி அடித்து அளப்பார்கள். ஒளி அவ்வளவு குறுகிய நேரம் மட்டுமே படுவதால் செல் சூடேற நேரமில்லை, 25 டிகிரியிலேயே இருக்கும். அப்போது வந்த எண்தான் லேபிளில் ஏறுகிறது.

உச்சி வெயிலில் செல் 25 டிகிரியில் இருப்பது நம் மாடியில் நடக்காத காரியம். அந்த ஆய்வகத்தினர் இதையும் அறிந்திருந்தார்கள். எனவே திறந்த வெளியில் வைத்து இன்னொரு எண்ணும் எடுத்தார்கள்: ஒளி 800 வாட், காற்றின் வெப்பம் 20 டிகிரி, காற்று நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசும்போது செல் எவ்வளவு சூடாகிறது? பெரும்பாலான பேனல்களுக்கு விடை 45 டிகிரி அளவில் இருக்கும். அதாவது 800 வாட் ஒளிக்குச் செல் காற்றைவிட 25 டிகிரி கூடுதலாகச் சூடேறும். ஒளி கூடினால் அந்த வித்தியாசமும் அதே விகிதத்தில் கூடும். இந்த எளிய விகிதத்தைத்தான் இன்றும் கணக்குக்குப் பயன்படுத்துகிறோம். பேனலோடு தரும் விவரத்தாளில் இந்த எண்ணும், ஒவ்வொரு டிகிரிக்கும் எத்தனை சதவீதம் குறையும் என்பதும் அச்சாகியிருக்கும். லேபிளைப் பார்க்கிறவர்கள் பலர் அந்தத் தாளைப் பார்ப்பதில்லை.

பிறகு கணினி வந்தது. 1990-களில் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் பிவிசிஸ்ட் என்ற மென்பொருள் உருவானது. அமெரிக்காவில் சாண்டியா ஆய்வகம் பல பேனல்களை வெயிலில் வைத்து அளந்து 2004-இல் ஒரு கணக்கு முறையை வெளியிட்டது. 2006-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார், விவரத்தாளில் உள்ள எண்களை மட்டும் வைத்தே மேலே சொன்ன ஐந்து அளவுகளையும் கண்டுபிடிக்கும் வழியைக் காட்டினார்கள். இன்று விற்பனையாளர் மடிக்கணினியில் தட்டிக் கொடுக்கும் அறிக்கைக்குப் பின்னால் இத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது.

வெயிலை அளந்த அன்னா மணி

பேனலைப் பற்றித் தெரிந்தால் மட்டும் போதாது. நம் ஊரில் வெயில் எவ்வளவு விழுகிறது என்பதும் தெரிய வேண்டும். இந்தியாவுக்கு அந்த எண்களைத் தேடித் தந்தவர்களில் முதன்மையானவர் அன்னா மணி.

1918-இல் திருவிதாங்கூரைச் சேர்ந்த பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து 1939-இல் பட்டம் பெற்றார். பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் வைரக் கற்களின் ஒளியியல் பற்றி ஆராய்ந்தார். பிறகு லண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். 1948-இல் திரும்பி வந்து புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் சாதாரண வானிலைக் கருவிகளுக்குக்கூட வெளிநாட்டை நம்பியிருந்தோம். அவர் சுமார் நூறு கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, இங்கேயே செய்ய வழி வகுத்தார். 1957–58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டையொட்டி, நாட்டின் பல இடங்களில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தார். கருவிகள் தவறாகக் காட்டினால் அளக்காமல் இருப்பதே மேல் என்பது அவர் கொள்கை.

இப்படி ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அளவுகளைத் தொகுத்து, ஓய்வு பெற்ற பிறகு 1980-இல் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளுக்கு ஒரு கையேடு வெளியிட்டார். அதைத் தொடர்ந்து ரங்கராஜனோடு சேர்ந்து இன்னொரு பெரிய நூலும் வந்தது. அளக்கும் நிலையம் இல்லாத ஊர்களுக்கும், வெயில் அடிக்கும் மணி நேரத்தையும் மேகத்தையும் வைத்துக் கணக்கிடும் வழி அதற்குள் வளர்ந்திருந்தது. நாட்டில் அப்போது சோலார் பேனல் செய்வதே அரிது. பொதுத்துறை நிறுவனமான சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ், இந்தியாவின் முதல் சோலார் செல்லை 1977-இலும் முதல் பேனலை 1978-இலும்தான் செய்திருந்தது. பேனல் பரவலாக வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வெயில் கணக்கு தயாராக இருந்தது என்றால், அது அன்னா மணி போன்றோரின் பொறுமையால்தான். அவர் 2001-இல் காலமானார்.

பின்னர் இந்த வேலை சென்னை பள்ளிக்கரணைக்கு வந்தது. அங்குள்ள காற்றாலைத் தொழில்நுட்ப மையம், இன்றைய தேசிய காற்று ஆற்றல் நிறுவனம், 2011-இல் நாடெங்கும் 51 தானியங்கி நிலையங்களை அமைத்துச் சூரியக் கதிர்வீச்சை அளக்கத் தொடங்கியது. பிறகு நிலையங்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. தமிழ்நாட்டில் ஒரு நாளில் சதுர மீட்டருக்குச் சராசரியாக 5 முதல் 5.5 யூனிட் வரை சூரிய ஆற்றல் விழுகிறது என்று நாம் இன்று துணிந்து சொல்வது இத்தகைய அளவுகளின் பலத்தில்தான்.

நம் பக்கத்தில் சோலார் வந்த வழி

நம் விழுப்புரம் மாவட்டம் இதில் பின்தங்கியதல்ல. ஆரோவில்லில் மாத்ரிமந்திருக்கென்று 1990-களின் கடைசியில் 75 வாட் பேனல்கள் 484 வைத்து 36.3 கிலோவாட் நிலையம் அமைத்தார்கள். அந்த நாளில் அது பெரிய நிலையம். இன்று அதே 36 கிலோவாட்டுக்கு 540 வாட் பேனல் 67 போதும்.

கிராமங்களுக்கு சோலார் அறிமுகமானது பெரும்பாலும் 2011-இல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில். 300 சதுர அடி வீடும் அதற்கு சோலார் விளக்கும் கொடுத்தார்கள். 2012-இல் தமிழக அரசு சூரிய சக்திக் கொள்கையை அறிவித்தது. அப்போதெல்லாம் பகலில் பேட்டரியில் சேமித்து இரவில் விளக்கு எரிப்பதுதான் வழக்கம். விளக்கு எரிந்தால் சரி, யூனிட்டை யாரும் எண்ணவில்லை.

2013 நவம்பரில் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நெட் மீட்டர் முறைக்கு ஆணை பிறப்பித்தது. நாம் பயன்படுத்தியது போக மிச்சமாகும் மின்சாரம் மின்வாரியக் கம்பியில் போய்க் கணக்கில் சேரும் என்று ஆனது. விளக்கு எரிகிறதா என்ற கேள்வி போய், வருடத்துக்கு எத்தனை யூனிட் என்ற கேள்வி வந்தது அன்றிலிருந்துதான்.

2016-இல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் வந்தது. 2,500 ஏக்கரில் 25 லட்சம் பேனல்கள். அப்போது ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய நிலையம் அது. அங்கே பேனல்களைத் தினமும் துடைக்க இயந்திரங்களை வைத்தார்கள். ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு பிரதமர் சூர்ய கர் திட்டத்தை அறிவித்தது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். நம்மைப் போன்ற குடியிருப்போர் நலச் சங்கங்களின் பொது வசதிகளுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் என்றும் அறிவிக்கப்பட்டது. மானியம் கிலோவாட்டைப் பார்த்துத்தான் கொடுக்கப்படுகிறது, யூனிட்டைப் பார்த்து அல்ல. அதனால் யூனிட் கணக்கைக் கவனிக்கும் பொறுப்பு நம்முடையது.

நம் மாடிக்கு ஒரு கணக்கு

மேல்சித்தாமூர் ஏறத்தாழ 12 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் 23 வாக்கிலும் ஆகஸ்ட் 20 வாக்கிலும், நடுப்பகலில் சூரியன் நேராக நம் தலைக்கு மேல் நிற்கும். சூரியன் சாயுமுன் சாப்பிட்டு முடிக்கும் வழக்கம் தலைமுறைகளாக உள்ள ஊர் நம்முடையது. பொழுது எப்போது நீளும், எப்போது குறுகும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். எனவே தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரி சாய்வில் பேனலை வைப்பது பொருத்தம். அந்தச் சாய்வில் மழைத் தண்ணீரும் தேங்காது.

ஒரு மே மாத நடுப்பகலை எடுத்துக்கொள்வோம். ஒளி 900 வாட், காற்றின் வெப்பம் 38 டிகிரி. செல் காற்றைவிட 28 டிகிரி கூடுதலாகச் சூடேறி 66 டிகிரிக்குப் போகும். சோதனை நிலையான 25-ஐவிட 41 டிகிரி அதிகம். டிகிரிக்கு 0.35 சதவீதம் குறையும் பேனல் என்றால் 14 சதவீதத்துக்கு மேல் போய்விடும். ஒரு கிலோவாட் பேனலில் 900 வாட் வர வேண்டிய இடத்தில் 770 வாட்தான் நிற்கும். கம்பி, இன்வெர்ட்டர், தூசி ஆகியவற்றுக்கு ஒரு பத்து சதவீதம் கழித்தால் இன்வெர்ட்டரில் 690 வாட் காட்டும்.

இப்போது மேகமில்லாத ஒரு டிசம்பர் நடுப்பகல். ஒளி 700 வாட், காற்று 28 டிகிரி. செல் 50 டிகிரி. இழப்பு 9 சதவீதத்துக்குள். அதே பத்து சதவீதம் கழித்தால் 575 வாட் வரும்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மே மாதத்தில் ஒளி டிசம்பரைவிட 29 சதவீதம் அதிகம். கிடைக்கும் மின்சாரமோ 20 சதவீதம்தான் அதிகம். மீதியை வெக்கை தின்றுவிட்டது. "இவ்வளவு கொளுத்துகிறதே, பேனல் ஏன் குறைவாகக் காட்டுகிறது" என்று கோடையில் கேட்பவர்களுக்கு இதுவே பதில். பேனல் பழுதாகவில்லை.

இதை நாள் முழுதுக்கும் வருடம் முழுதுக்கும் கூட்டினால், விழும் ஆற்றலில் வெப்பத்துக்குச் சுமார் 10 சதவீதம், மற்ற இழப்புகளுக்கு இன்னொரு 13 சதவீதம் போய், 77 சதவீதம் அளவு மிஞ்சும். நாளுக்கு 5.3 யூனிட் ஆற்றல் விழுகிறது என்று கொண்டால், 5.3-ஐ 0.77-ஆல் பெருக்க 4.08 வரும். ஆக, ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு நாலு யூனிட், வருடத்துக்கு 1,450 முதல் 1,500 யூனிட். இதுதான் நியாயமான எண். தினமும் நாலு வரும் என்பதல்ல இதன் பொருள். மார்ச் மாதம் ஐந்தைத் தொடும் நாட்கள் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒன்றுகூடத் தேறாத நாளும் இருக்கும். ஐந்து யூனிட் என்று சொல்பவர் பங்குனி வெயிலை வருடம் முழுதுக்கும் பரப்பிச் சொல்கிறார்.

கணக்குக்குள் அடங்காதவை

நிழல் முதலாவது. பேனலுக்குள் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்திருக்கின்றன. ஒரு செல்லில் தென்னை மட்டையின் நிழல் விழுந்தாலும் அந்தத் தொடர் முழுவதும் அடைபடும். வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாதது போல. இதற்காகப் பேனலுக்குப் பின்னால் வழக்கமாக மூன்று டையோடுகள் வைத்து, அடைபட்ட பகுதியைச் சுற்றிப் போக வழி செய்கிறார்கள். அப்படியும் ஒரு மூலை நிழல் பேனலின் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுபோய்விடும். தண்ணீர்த் தொட்டி, டிவி ஆன்டெனா, பக்கத்து வீட்டு வேப்பமரம் எல்லாவற்றையும் காலை ஒன்பது மணிக்கும் மாலை நாலு மணிக்கும் மாடி ஏறிப் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது தூசி. மல்லாட்டை பிடுங்கி உதறும் காலத்திலும், மழை இல்லாத மாதங்களில் மண் ரோட்டுப் புழுதியிலும் பேனல் மங்கிவிடும். கமுதியில் தினமும் துடைப்பது இதனால்தான். நமக்கு இயந்திரம் வேண்டாம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை காலையில் பேனல் சூடேறும் முன் நல்ல தண்ணீர் ஊற்றி மெதுவாகத் துடைத்தால் போதும். உப்புத் தண்ணீர் வேண்டாம், கண்ணாடியில் வெள்ளையாகப் படியும்.

மூன்றாவது காற்றோட்டம். முன்பு சொன்ன 45 டிகிரி கணக்கு, பேனலின் பின்புறம் காற்று புழங்கும் நிலையில் எடுத்தது. தகரக் கூரையோடு ஒட்டி வைத்தால் அதைவிடக் கூடுதலாகச் சூடேறும். இடைவெளி விட்டுத் தூக்கி வைப்பது நல்லது. அதேசமயம் புயல் காற்றுக்குத் தாங்கும்படி கட்ட வேண்டும்.

நான்காவது வயது. ஐஐடி மும்பையின் ஆய்வு மையமும் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனமும் சேர்ந்து 2013 முதல் சில ஆண்டு இடைவெளிகளில் நாடெங்கும் பழைய பேனல்களைச் சோதித்தன. வெப்பமான பகுதிகளில் பேனல்கள் வேகமாகத் தேய்கின்றன என்றும், பெரிய நிலையங்களைவிடச் சிறிய கூரை நிலையங்களில் தேய்மானம் அதிகம் என்றும் தெரிந்தது. மலிவான பொருளும் கவனமில்லாத பொருத்தலும் அதற்குக் காரணங்களில் அடங்கும். 25 வருட உத்தரவாதம் என்று அச்சிட்டிருப்பதோடு, யார் எப்படிப் பொருத்துகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

கேட்க வேண்டியதும் எழுத வேண்டியதும்

பேனல் போட நினைக்கும் உறுப்பினர்கள் விற்பவரிடம் இந்த நாலு கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

1. வருடத்துக்கு எத்தனை யூனிட்? நாள் கணக்கு வேண்டாம், மாதவாரியாகப் பன்னிரண்டு எண்கள் வேண்டும்.
2. அந்தக் கணக்கில் எந்த ஊர் வெயில், எவ்வளவு வெப்ப இழப்பு, எவ்வளவு தூசி இழப்பு எடுத்திருக்கிறீர்கள்?
3. ஒரு டிகிரி சூட்டுக்கு இந்தப் பேனல் எத்தனை சதவீதம் குறையும்? 0.30-க்கும் 0.40-க்கும் நம் கோடையில் நாலு சதவீதம் வித்தியாசம் வரும்.
4. நிழல் பார்த்தீர்களா? எந்த மாதத்தில், எந்த நேரத்தில்?

ஏற்கெனவே போட்டிருப்பவர்கள் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் இன்வெர்ட்டரில் காட்டும் மொத்த யூனிட்டை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். கிலோவாட்டால் வகுத்து, மாதத்தின் நாட்களால் வகுத்தால் உங்கள் எண் வரும். வருடச் சராசரி நாலுக்குப் பக்கத்தில் இருந்தால் கவலை இல்லை. மூன்றரைக்குக் கீழே போனால் நிழலையும் தூசியையும் பாருங்கள், பிறகு பொருத்தியவரைக் கூப்பிடுங்கள். கையில் பன்னிரண்டு மாதக் குறிப்பு இருந்தால் "வெயில் கம்மி சார்" என்ற பதிலோடு யாரும் உங்களை அனுப்ப முடியாது.

அந்த எண்களைச் சங்கத்துக்கும் கொடுத்தால் அடுத்த ஆண்டு இதே மடலில் நம் ஊருக்கென்று ஒரு பட்டியல் வெளியிடலாம். வீட்டுப் பெயர் வேண்டாம், கிலோவாட்டும் மாத யூனிட்டும் போதும். பத்து வீடுகள் சேர்ந்தாலே, புதிதாகப் போடுபவருக்கு எந்த விற்பனையாளரின் அறிக்கையையும்விட அது நம்பகமாக இருக்கும். அளந்து எழுதி வைத்ததில்தான் இந்தக் கணக்கு முழுவதும் வளர்ந்தது. நம் மேல்சித்தாமூர் வெயிலை நம் மாடியிலிருந்து நாமே எழுதி வைப்போம்.